குதிரைக்கு உலர்புல் வளர்க்க: குளுவாங் வட்டாரக் கடைகளில் எந்த விதையை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் பக்கத்து உரக்கடைகளில் புல் விதை வேண்டும் என்று கேட்டால் சிக்னல் புல்லைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். இல்லையென்றால் நேப்பியர் புல்லின் நடவுத் தண்டு கிடைக்கும் இடத்துக்கு வழி சொல்வார்கள். கால்நடைத் துறையின் பயிற்சி நிலையமே குளுவாங்கில் இருக்கிறது. மாட்டுப்புல்லைப் பற்றிச் சொல்லித்தர இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழைய ரப்பர் நிலத்தையோ செம்பனை வெட்டிய இடத்தையோ திருத்தி, குதிரைக்கு உலர்புல் எடுக்க நினைப்பவருக்கு அந்த ஆலோசனையில் பாதி ஆகாது. "மாடு திங்கிறதத்தானே அண்ணே குதிரையும் திங்கும்?" என்று கடைக்காரர் கேட்பது நல்லெண்ணத்தில்தான். ஆனால் விஷயம் அப்படி இல்லை.

மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. ஆக்சலேட் அதன் சிறுகுடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு போய்விடும். கால்சியம் போதாத உடம்பு எலும்பிலிருந்து இழுக்கத் தொடங்கும். முதலில் நடையில் தயக்கமும் நொண்டலும் தெரியும். பிறகு முகத்தெலும்பு இருபுறமும் புடைக்கும். இதற்குத்தான் பெரிய தலை நோய் என்று பெயர். புல் பச்சைப் பசேலென்று இருக்கும், குதிரையும் நன்றாகத் தின்னும், ஆனாலும் சில மாதங்களில் இது வரும். கணக்கு எளிது: உலர் எடையில் மொத்த ஆக்சலேட் 0.5 விழுக்காட்டைத் தாண்டினாலோ, கால்சியம் ஆக்சலேட்டின் பாதி அளவுக்குக் கீழே போனாலோ அந்தப் புல் குதிரைக்கு ஆபத்து.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்த வட்டாரத்தில் குதிரைக்கு உலர்புல் போட முதல் தேர்வு ரோட்ஸ் புல். இரண்டாவது தேர்வு தீவன ரகப் பெர்முடா. கடை அலமாரியில் இருக்கும் மற்றவை மாட்டுக்காரருக்கே இருக்கட்டும்.

சிக்னல் புல்லின் மீது மாட்டுக்காரருக்கு இருக்கும் மரியாதை நியாயமானது. பேசிலிஸ்க் என்ற ரகம்தான் இங்கே பரவலாக இருக்கிறது. புளிப்பு மண்ணைத் தாங்கும், மிதித்தாலும் சாகாது, லாலாங் என்ற களைப்புல்லையே அமுக்கிவிடும். ஆனால் அதிலுள்ள சப்போனின்கள் என்ற நச்சுப்பொருள்கள் கல்லீரலைக் கெடுக்கும். மலேசியாவில் சிக்னல் புல் மேய்ந்த ஆடுகள் மஞ்சள் காமாலையோடு செத்தது கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்; குதிரைக்கும் அதே ஆபத்து உண்டு. கல்லீரல் கெட்ட குதிரையை வெயில் சுடும்: மூக்கு நுனி, நெற்றிச் சுட்டி, வெள்ளைக் கால் என்று வெளுத்த தோல் உள்ள இடமெல்லாம் சிவந்து, வீங்கி, தோலுரியும். ஆக்சலேட் தொல்லை இதற்கு மேல். அதன் உறவான ஹுமிடிகோலா தரையோடு படர்ந்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய தலை நோயோடு சேர்த்துப் பேசப்படும் புற்களில் அதுவும் ஒன்று. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் நிலத்தில் முன்பு மாடு மேய்ந்திருந்தால் சிக்னல் விதை மண்ணில் கிடக்கும். புது விதை போட்ட பிறகும் அது முளைத்து வரும்.

செட்டேரியாவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. குதிரைக்கு ஆக்சலேட் விஷயத்தில் மிக மோசமான புற்களில் ஒன்று அது. கினிப் புல்லை மொம்பாசா என்ற பெயரில் விற்கிறார்கள். இலை அகலம், விளைச்சலும் அள்ளும். ஆக்சலேட் பட்டியலில் அதுவும் உண்டு. போதாததற்கு, பிரேசிலின் அமேசான் பகுதியில் மழைக்காலத்தில் இதைத் தின்ற குதிரைகளுக்குக் கடும் வயிற்றுவலி வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். நமக்கு வருடத்தில் பாதி மழைக்காலம், யோசித்துப் பாருங்கள். நேப்பியர் பாக்சோங் ஆகட்டும், சிவப்பு நேப்பியர் ஆகட்டும், தண்டு விரல் பருமன். வெட்டிப் போட்டால் இலை சருகாகிவிடும், தண்டுக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும், கட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஜம்போ என்று விற்கப்படும் சோளப்புல் வகையைக் குதிரை இருக்கும் இடத்துக்கே கொண்டுவர வேண்டாம். சோளமும் சூடான் புல்லும் குதிரையின் சிறுநீர்ப்பையைப் பாதிக்கும். பின்னங்கால் தள்ளாடி, சிறுநீர் தானாக ஒழுகும் நிலைக்குக் கொண்டுபோய் விடும். காயவைத்தாலும் அந்த ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்ப முடியாது.

மார்டி டிஜிட் என்ற டிஜிட்டேரியாவைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். தண்டு மெல்லியது, சீக்கிரம் காயும். அதனால் உலர்புல்லுக்கு ஏற்றதாகத் தோன்றும். அதே குடும்பத்துப் பங்கோலா ஆக்சலேட் எச்சரிக்கைப் பட்டியலில் இருப்பதால், ஒரு மூட்டை புல்லை ஆய்வகத்தில் கொடுத்துக் கால்சியமும் ஆக்சலேட்டும் பார்க்காமல் ஏக்கர் கணக்கில் நடவேண்டாம். இதற்கு விதை இல்லை, தண்டு நடவுதான். கூலியையும் கணக்கில் வையுங்கள்.

இணையக் கடைகளில் திமோத்தி, ஆர்ச்சர்ட், ரைகிராஸ் விதைகள் அழகான பையில் வரும். குதிரைப் பந்தய வட்டாரத்தில் திமோத்திக்கு இருக்கும் பெயரைப் பார்த்துப் பலர் ஆசைப்படுகிறார்கள். இவையெல்லாம் குளிர் நாட்டுப் புற்கள். பகலில் 32 பாகையும் இரவில் 23 பாகையும் இருக்கும் ஊரில் முளைப்பதற்கு முளைக்கும். பிறகு மஞ்சளாகி, அழுகல் நோய் கண்டு, இரண்டாம் வெட்டுக்கு முன்பே காணாமல் போகும். காசைக் கழுவி ஊற்றாதீர்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தபாலில் விதை வரவழைப்பது சட்டச் சிக்கலும்கூட. தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் 1976-இன்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். அவை இல்லாமல் வந்த பொட்டலம் நுழைவாயிலிலேயே பறிமுதலாகும்.

இனி ரோட்ஸ் புல். ஆக்சலேட் குறைவு, தண்டு மெல்லியது, இலை அதிகம், ஓடுதண்டு விட்டுப் பரவும். இந்த நான்கு காரணத்துக்காகவே வெப்ப நாடுகளில் குதிரை வைத்திருப்பவர்கள் இதைத் தேடுகிறார்கள். ரகம் முக்கியம். கட்டம்போரா மெல்லிய தண்டு கொண்டது, நன்றாகப் படரும், நூற்புழுவைத் தாங்கும். அதிலிருந்து தேர்ந்தெடுத்த ஃபைன்கட் இன்னும் மெலிது, காயவைக்க நல்லது. பயனியரிலிருந்து வந்த டாப்கட்டும் உலர்புல்லுக்கென்றே தேர்ந்தது. காலைட் இலை அகலமானது, சுவையானது, பூப்பதும் தாமதம். ஆனால் தண்டு சற்றுப் பருமன். நம் காற்றின் ஈரத்துக்கு ஃபைன்கட் அல்லது கட்டம்போராவே ஏற்றது. பையில் வெறும் 'ரோட்ஸ் புல்' என்று மட்டும் போட்டு ரகப் பெயர் இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

ரோட்ஸ் விதை பெரும்பாலான கடைகளில் அலமாரியில் இருக்காது, சொல்லிவைத்துத்தான் எடுக்க வேண்டும். வந்ததும் பையைப் பிரித்து, ஒரு கை விதையை வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். களிமண் பூசாத ரோட்ஸ் விதை சிறியது, ரோமம் உள்ளது, நுனியில் முடி போன்ற கூர் இருக்கும், விரலில் பஞ்சு மாதிரி ஒட்டும். சிக்னல் விதை அதைவிடப் பல மடங்கு பெரிது. வெளிர் மஞ்சள், முட்டை வடிவம், ஒரு பக்கம் தட்டை. கலந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். களிமண் பூசிய விதையென்றால் பத்துப் பதினைந்தை நகத்தால் உடைத்துப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லாத வெற்று உருண்டைகள் எத்தனை என்று அப்போது தெரியும்.

விலையை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரோட்ஸ் விதையில் பதர் அதிகம். பூசாத விதை கிலோ மலிவாகத் தெரியும், முளைப்போ குறைவாக இருக்கும். கணக்குக்காக இப்படி எடுத்துக்கொள்வோம்: பூசாத விதை கிலோ 30 வெள்ளி (ரிங்கிட்), தூய்மை 90 விழுக்காடு, முளைப்பு 30 விழுக்காடு. அப்படியானால் ஒரு கிலோவில் உயிருள்ள விதை 270 கிராம்; உயிருள்ள ஒரு கிலோவுக்கு 111 வெள்ளி விழுகிறது. பூசிய விதை கிலோ 40 வெள்ளி, பாதி எடை களிமண், முளைப்பு 80 விழுக்காடு என்றால் உயிருள்ள விதை 400 கிராம். உயிருள்ள ஒரு கிலோவுக்கு 100 வெள்ளிதான். விலை அதிகமென்று தோன்றியதுதான் மலிவு. முளைப்பு எவ்வளவு என்று சீட்டில் இல்லாவிட்டால் நீங்களே பாருங்கள்: சாப்பாட்டு டப்பாவில் ஈரமான காகிதத்தாள் விரித்து 100 விதையைத் தூவி, மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து 7 நாள் கழித்து எண்ணுங்கள். அறுவடையான சூட்டோடு வந்த விதை சில மாதம் உறக்கத்தில் இருக்கும். அதனால் அறுவடைத் தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

பூசிய விதையின் இன்னொரு நன்மை, கையில் ஓடுவது. பூசாதது விதைப்பானில் அடைத்துக்கொள்ளும். ஈர மணலோடு பிசிறித்தான் தூவ வேண்டும். யூரியாவோடு கலக்காதீர்கள், விதை வெந்துவிடும்.

ரோட்ஸ் புல்லின் பெரிய குறை, இந்த ஊர் மண். இங்கே பரவலாக இருப்பது ரெங்கம் வகை மண், கருங்கல் சிதைந்து வந்தது. பி.எச். 4.5-ஐ ஒட்டியே இருக்கும். சிக்னல் புல் அதைக் கண்டுகொள்ளாது, ரோட்ஸுக்கு 5.5-ஆவது வேண்டும். சுண்ணாம்பு போடாமல் விதைத்துவிட்டு, "முளைச்சுது, அப்புறம் மஞ்சளாப் போச்சு, விதை சரியில்ல" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுதான் இங்கே வழக்கம். பெரும்பாலும் பிழை விதையில் இல்லை. விவசாய இலாகாவிலோ தோட்ட நிறுவனங்களுக்குச் சோதனை செய்யும் ஆய்வகத்திலோ மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பொதுவாக ஏக்கருக்கு 800 கிலோ ஜி.எம்.எல். (அரைத்த மெக்னீசியச் சுண்ணாம்புக்கல்) சுண்ணாம்பு, அதாவது 50 கிலோ மூட்டையில் 16, விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே போட்டு உழவோடு கலக்க வேண்டும். மேலே தூவி விட்டால் வேர்ப் பகுதிக்கு இறங்க ரொம்ப நாளாகும்.

பாஸ்பரஸுக்குத் தோட்டப்புறத்தில் பழக்கமான கிறிஸ்மஸ் தீவுப் பாறை உரத்தையே கடையில் கொடுப்பார்கள். அது புளிப்பு மண்ணில்தான் கரையும். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்துவிட்டுப் பாறை உரத்தையும் போட்டால் ஒன்று மற்றதன் வேலையைக் கெடுக்கும். இங்கே டி.எஸ்.பி. (டிரிப்பிள் சூப்பர் பாஸ்பேட்) வாங்குங்கள், ஏக்கருக்கு 40 கிலோ, விதைப்பின்போது. கோழி எரு மலிவுதான். ஆனால் அதில் செத்த கோழியின் துண்டு ஒன்று இருந்தால் போதும், போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். குதிரைக்கு அது எமன். உலர்புல் நிலத்துக்கு வேண்டாம்.

நிலம் தயாரிப்பில் அவசரம் கூடாது. லாலாங் புதுத் தளிர் விட்டு வேகமாக வளரும்போது கிளைபோசேட் களைக்கொல்லி அடித்து, இரண்டு மூன்று வாரம் விட்டு உழுங்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் இங்கே தடை. யாராவது பழைய சரக்கைக் காட்டினால் வாங்காதீர்கள், அது வேரைக் கொல்வதும் இல்லை. உழுத பின் களை விதைகளை முளைக்கவிட்டு, அவற்றை இன்னொரு முறை கொல்ல வேண்டும். மண்ணில் கிடக்கும் சிக்னல் விதையைத் தீர்க்க இந்தச் சுற்றைத் தாண்டி வேறு வழியில்லை. முடிந்தால் மூன்றாவது முறையும் செய்யுங்கள். செம்பனை வரிசையில் மெட்சல்ஃபுரான் களைக்கொல்லி அடித்த நிலமென்றால் முதலில் ஒரு தட்டு மண்ணில் பச்சைப்பயறு போட்டுப் பாருங்கள். பயறு சுருண்டு நின்றால் மருந்து இன்னும் போகவில்லை.

நிலத்தோரச் செடிகளையும் பார்த்துவிடுங்கள். உண்ணிச்செடி, கிலுகிலுப்பை இரண்டும் கல்லீரலைக் கெடுக்கும். மேயும்போது குதிரை அவற்றை ஒதுக்கிவிடலாம். உலர்புல் கட்டுக்குள் நொறுங்கிக் கலந்துவிட்டால் ஒதுக்க முடியாது.

பூசிய விதை ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ. பாதியைக் கிழக்கு மேற்காக, மீதியைத் தெற்கு வடக்காகத் தூவினால் திட்டுத் திட்டாக வராது. ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. தூவிவிட்டு உருளை ஓட்டினால் போதும். மண் இறுகலாக இருக்க வேண்டும்: நடந்தால் குதிகால் தடம் மட்டும் பதியணும், கால் புதைந்தால் இன்னொரு முறை உருளை ஓட்டுங்கள். காலம் என்று பார்த்தால் மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் விதைத்தால் சரிவில் இருக்கும் விதை எல்லாம் கால்வாய்க்குப் போய்விடும். விதைத்த ஒரு வாரத்தில் முளை தெரியும். எறும்பு விதையை இழுத்துப் போவதையும், இளம் புல்லில் படைப்புழு இறங்குவதையும் முதல் மாதம் முழுக்க விடியற்காலையில் போய்ப் பார்க்க வேண்டும். புழு வெயில் ஏறியதும் அடியில் ஒளிந்துகொள்ளும். மூன்று நான்கு வாரத்தில் யூரியா ஏக்கருக்கு 40 கிலோ. பிறகு ஒவ்வொரு வெட்டுக்கும் அதே அளவு. பொட்டாஷை மறந்தால் இரண்டாம் வருடம் புல் மெலியும்: ஒரு டன் உலர்புல் மண்ணிலிருந்து 15 முதல் 20 கிலோ பொட்டாசியத்தை எடுத்துப்போகும். அதை ஈடுகட்ட 30 முதல் 40 கிலோ எம்.ஓ.பி. (மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்) உரம் வேண்டும்.

நிழலில் ரோட்ஸ் வராது. செம்பனைக்கு இடையில், பழமரத்தடியில் போட நினைப்பவர் இந்த விதையை வாங்கவே வேண்டாம்.

பெர்முடா நம் அருகம்புல்லேதான். பிள்ளையாருக்குப் போடுவதன் உயரமான உறவு. குதிரை விரும்பித் தின்னும், குளம்பு மிதியைத் தாங்கும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் பந்துமைதான ரகம், அரையடிகூட வளராது. 'ஜெயன்ட்' போன்ற தீவன ரகம் என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். உமி நீக்கிய விதை பத்து நாளில் முளைக்கும், உமியுள்ளது பல வாரம் இழுக்கும். ஏக்கருக்கு 3 முதல் 4 கிலோ, ஆழம் அரை சென்டிமீட்டர். யாராவது டிஃப்டன் 85 'விதை' என்று விற்றால் அது பொய்: அந்தக் கலப்பினம் விதை வைக்காது, தண்டு நடவு மட்டுமே. பெர்முடாவில் ஒரு எச்சரிக்கை உண்டு. முற்றிப்போன நுண்ணிய தண்டுப் புல்லை மட்டுமே கொடுத்துத் தண்ணீரும் குறைந்தால், சிறுகுடலின் கடைசிப் பகுதி அடைத்துக்கொள்ளும். பூக்கத் தொடங்கும்போதே வெட்டி, ரோட்ஸோடு கலந்து கொடுத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

பயறு வகை சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தோட்டத்து மூடுபயிர் விதைக் கலவை மலிவாகக் கிடைக்கும். அதிலுள்ள கலப்போ ரோமம் நிறைந்தது, விலங்குகள் முகம் திருப்பும். பூரேரியா கொடி சுற்றிக்கொண்டு காயாது. ஸ்டைலோ பரவாயில்லை, ஆனால் காயும்போது இலை உதிரும். பெட்டாய் பெலாலாங் எனும் சவுண்டல் கூடவே கூடாது. அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்துவிடும்.

விதைக்குச் செலவழிப்பதைவிடக் காயவைக்கும் கொட்டகைக்கு அதிகம் ஒதுக்க வேண்டிய ஊர் இது. பச்சைப் புல்லில் 80 விழுக்காடு தண்ணீர் என்றால், ஒரு கிலோ உலர்புல் எடுக்க நாலேகால் கிலோ வெட்ட வேண்டும்; மூன்று கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும். அதுவும் மாலை மூன்று மணி இடிமழைக்கு முன்னால். பனி காய்ந்த பிறகு, பத்து மணி வாக்கில், தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டு வெட்டிப் பரப்புங்கள். மதியத்துக்குள் இரண்டு முறை புரட்டுங்கள். வானம் கறுத்தால் வரிசையாகக் கூட்டி, தகரக் கொட்டகையில் மூங்கில் பரணில் மெல்லியதாகப் பரப்பி, பெரிய காற்றாடி போட்டு முடியுங்கள். 28 முதல் 35 நாளுக்கு ஒரு வெட்டு என்பது புல்லின் கணக்கு. மழை விடாத மாதத்தில் வெட்டியதைப் பச்சையாகவே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். மாட்டுக்கு விற்கும் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனம்) குதிரைக்கு ஆகாது. மறுபடியும் அந்தப் போட்டுலிசம்தான்.

கட்டும் முன் ஈரம் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கருவி இல்லாதவருக்கு உப்புச் சோதனை: நறுக்கிய புல்லைக் கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு நிரப்பி, ஒரு கரண்டி உப்புப் போட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு கட்டிப்பட்டால் இன்னும் ஈரம். நம் ஊர்க் காற்றில் உப்பு தானாகவே கட்டிப்படும் என்பதால் வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பைப் பயன்படுத்துங்கள். கட்டிய பிறகு மூன்றாம் நாள் கட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பிரித்துப் போடுங்கள். பூஞ்சைத் தூசி குதிரையின் மூச்சுக்குழலைக் கெடுத்தால் சுலபத்தில் சரியாகாது. சிமெண்டுத் தரையில் அடுக்காமல் மரப்பலகைமேல் அடுக்கி, இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துவிடும்.

எத்தனை ஏக்கர் என்பதற்கு: 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு உடல் எடையில் 2 விழுக்காடு உலர்தீவனம், அதாவது நாளுக்கு ஒன்பதரை கிலோ உலர்புல், வருடத்துக்குக் கிட்டத்தட்ட மூன்றரை டன். சுண்ணாம்பும் உரமும் ஒழுங்காக விழுந்த ரோட்ஸ் நிலம் ஏக்கருக்கு நான்கு டன் கொடுக்கும். மழையில் கெடுவதைக் கழித்தால் குதிரைக்கு ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சிக்னலோ கினியோ தின்றுகொண்டிருக்கும் குதிரையைப் புது உலர்புல்லுக்கு ஒரே நாளில் மாற்றாமல் பத்துப் பதினான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அதற்கிடையே கால்சியம் மருந்து எவ்வளவு வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.